காரை விட்டுப் பஸ் ஏறுங்கள்: பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு

பாரிசிலிருந்தும் சார்செலிலிருந்தும் லா கூர்நெவிலிருந்தும் ஜூலை பிறந்ததும் புதுச்சேரியில் வந்து இறங்கும் பிள்ளைகளே,

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பேரன் பேத்திகள், 1962 ஒப்பந்தத்துக்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையோடு போனவர்களின் மூன்றாம் தலைமுறை, லா ஷப்பேல் பக்கத்து ஈழத்துக் குடும்பங்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் என எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் பொம்மையார்பாளையத்துக்காரி. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே பத்துக் கிலோமீட்டர் வந்தால் எங்கள் ஊர். கோடையில் உங்களில் முக்கால்வாசிப் பேர் இந்த வழியாகத்தான் போகிறீர்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, வாடகைக் காரில். காலையில் வடக்கே ஓட்டம், சாயங்காலம் தெற்கே ஓட்டம். நடுவில் மாமல்லபுரம், முட்டுக்காடு, ஒரு மீன் சாப்பாடு, கைப்பேசி நிறையப் படம். மறுநாள் கேட்டால் எந்த ஊரில் என்ன பார்த்தோம் என்பது உங்களுக்கே குழம்பிப்போகிறது.

எனக்கு விளங்காதது இதுதான். அங்கே நீங்கள் இப்படிக் கடலுக்குப் போகிறவர்கள் இல்லையே? சேன்-லாசார் நிலையத்தில் ரயிலேறினால் தோவில் போய்ப் பொழுது சாயத் திரும்பிவிடுகிறீர்கள். தியெப் போவதும் அங்கிருந்துதான். தன்கெர்க் ஊரில் 2018 செப்டம்பரிலிருந்து பஸ்ஸுக்குக் கட்டணமே இல்லை. கடற்கரைக்கும் அதிலேயே போய்விடலாம். எல்லை தாண்டினால் பெல்ஜியத்தில் தெ பன்னெ முதல் க்னோக்கெ வரை 67 கிலோமீட்டருக்குக் கடலோரமாகவே டிராம் ஓடுகிறது. 1885-இல் தொடங்கிய பாதை அது. ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு பிடித்த ஊரில் இறங்கி, அடுத்த டிராமில் ஏறிக்கொள்கிறார்கள். பையில் ரொட்டியும் துண்டும் தவிர வேறு சுமை இல்லை. அப்படிப் பழகிய நீங்கள் விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளே காருக்குச் சொல்லிவிடுகிறீர்கள். சித்தப்பா மானம் போய்விடும் என்கிறாரா? இருக்கலாம். ஊருக்கு வந்த பிள்ளையைப் பஸ்ஸில் அனுப்பினார்கள் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற கவலை நம் வீடுகளில் இன்னும் போகவில்லை.

நமக்குக் கடலோர ரயில் இல்லை என்பது நிஜம். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ஒரு பாதை பல ஆண்டுகளாகத் தாளிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முந்தைய காலத்தில் இந்தக் கரைக்குப் பொதுப் போக்குவரத்தாக இருந்தது தண்ணீர்தான். ஆந்திராவின் பெத்தகஞ்சத்திலிருந்து கடலுக்கு இணையாக வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில்தான் முடிகிறது. 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வெட்டச் சொல்லிச் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். அப்போதைய ஆளுநரின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. உப்பும் விறகும் அதில் படகேறிச் சென்னைக்குப் போயின. இப்போது பல இடங்களில் அது பாசி பிடித்த பள்ளம். மிச்சமிருப்பது பஸ்.

அந்தப் பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நேர அட்டவணை கேட்காதீர்கள். அங்கே போலக் கைப்பேசியில் நிமிடம் பார்த்து நிற்கிற பழக்கத்தை ஒரு மாதத்துக்கு மறந்துவிடுங்கள். புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகும் சென்னை வண்டிகள் வரிசையாக நிற்கும். அவற்றில் விரைவு வண்டிகள் எல்லா ஊரிலும் நிற்பதில்லை. ஏறுமுன்னே நடத்துநரிடம் இறங்கப்போகும் ஊரின் பெயரைச் சொல்லி, “நிற்குமா அண்ணே?” என்று கேட்டுவிடுங்கள். ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டால் மரக்காணத்துக்குப் பதில் மாமல்லபுரம் புறவழியில் நிற்பீர்கள். சின்ன ஊர்களுக்கு நகரப் பேருந்தும் தனியார் பஸ்ஸும்தான் சரி. பெண்பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: தமிழக அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை. தன்கெர்க்கைக் காட்டிப் பெருமை பேசும் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

இந்தச் சாலையில் இன்னொரு வேடிக்கை உண்டு. முத்தியால்பேட்டை தாண்டிக் கோட்டக்குப்பம் வந்ததும் தமிழ்நாடு. எங்கள் ஊர் தமிழ்நாடு. அடுத்து காலாப்பட்டு வந்தால் மறுபடி புதுச்சேரி. 1985-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கேதான். அதைத் தாண்டினால் திரும்பவும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் துண்டு துண்டாகப் பிடித்துவைத்த நிலம் இன்னும் அப்படியே கிடக்கிறது. உங்கள் தாத்தா சேவகம் பார்த்த அரசாங்கம் போட்ட கோடுகளை அரை மணி நேரப் பஸ் பயணத்தில் மூன்று முறை தாண்டுகிறீர்கள். கோடு எங்கே என்று தெரியாவிட்டால் மதுக்கடைகளைப் பாருங்கள், அவை திடீரென்று பெருகும் இடம் புதுச்சேரி.

வடக்கே போகும்போது கடல் வலப்பக்கம். அதற்காக ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போடாதீர்கள். வழியில் பெரும்பாலும் சவுக்குத் தோப்பும் பனையும் விடுதிகளின் மதிலும்தான் தெரியும். கடல் எப்போதாவது ஒரு சந்தின் முனையில் எட்டிப் பார்க்கும். இந்தக் கரையைப் பார்க்க வேண்டுமானால் இறங்க வேண்டும், நடக்க வேண்டும்.

அதனால்தான் ஒரு நாளைக்கு ஒரே ஊர் என்கிறேன். எங்கே போகிறோம் என்பதிலிருந்து திட்டம் போடாதீர்கள், திரும்பி வரும் பஸ்ஸிலிருந்து போடுங்கள். இருட்டுமுன் வீடு வர வேண்டும் என்றால் எத்தனை மணிக்குச் சாலைக்கு வந்து நிற்க வேண்டும், அதற்கு எத்தனை மணிக்குக் கடலை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் பார்த்தால், ஒரு நாளில் ஒரு ஊர்தான் தேறும். அதிகாலை வண்டியைப் பிடிப்பவருக்கு அந்த ஒரு ஊர் முழுசாகக் கிடைக்கும். ஒன்பது மணிக்குப் பல் துலக்கி, பத்தரைக்குக் கிளம்பி, உச்சி வெயிலில் போய் நிற்பவருக்கு எந்த ஊரும் கிடைக்காது.

எந்த ஊர் என்று கேட்டால் என் முதல் பதில் மரக்காணம். எங்கள் ஊரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். நீங்கள் வரும் ஜூலையும் ஆகஸ்டும் அதற்கு ஏற்ற மாதங்கள். தை மாசி வாக்கில் தொடங்கும் உப்பு, வடகிழக்குப் பருவமழை வரும்வரை விளையும். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்துப் பேசப்படும் உப்பளம் இது. 3,000 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. நீங்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தால் பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர்தான் நிற்கும், வெள்ளையை மறந்துவிடலாம்.

கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்கிறது. அதை எடுக்கத் தண்ணீரைச் சுண்டவைக்க வேண்டும், அந்த வேலையை வெயிலும் காற்றும் செய்கின்றன. உப்புநீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி விடுகிறார்கள். முதலில் சுண்ணாம்புச் சத்துகள் அடியில் படிகின்றன. தண்ணீர் பத்தில் ஒரு பங்காகக் குறுகும்போதுதான் நாம் சாப்பிடும் உப்பு மணி பிடிக்கத் தொடங்கும். அதற்கு மேலும் வற்றவிட்டால் மக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசந்துபோகும். அதற்குள் வாரிவிட்டு மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். அந்தப் பதத்தைக் கண்டுபிடிக்கக் கருவி உண்டு, ஆனாலும் நீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லும் ஆட்கள் உப்பளத்தில் இருக்கிறார்கள். நீண்ட கழியில் பலகை பொருத்தி, அலுங்காமல் இழுத்துக் கரையில் குவிக்கிறார்கள். சுமப்பதில் பெண்கள் அதிகம். விடியுமுன் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடும் வேலை. நீங்கள் பத்தரைக்குக் காரில் வந்து பார்ப்பது ஆளில்லாத வெள்ளைக் குவியலைத்தான். வேலையைப் பார்க்க முதல் பஸ் வேண்டும்.

பிரான்சின் கெராண்ட் உப்பளத்துக்குப் போயிருப்பீர்கள், இல்லாவிட்டாலும் அந்தப் பெயர் போட்ட உப்புப் பொட்டலத்தைக் கடையில் பார்த்திருப்பீர்கள். அங்கே உப்பு எடுப்பவருக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, அவர் வேலையைச் சுற்றிக்காட்டச் சீட்டு போடுகிறார்கள், மேலே மிதக்கும் மெல்லிய உப்பை மட்டும் தனியாகச் சேர்த்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். மரக்காணத்தில் சீட்டும் இல்லை, விளக்கப் பலகையும் இல்லை. இது ஒரு வேலைத்தலம். வரப்பில் கால் வைக்குமுன் அங்கே இருப்பவரிடம் கேளுங்கள், பாத்திக்குள் இறங்காதீர்கள், முகத்துக்கு நேராகக் கைப்பேசியை நீட்டாதீர்கள். வெள்ளையில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும். நீங்கள் ஒரு மணி நேரத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வீர்கள். உப்புக் காலம் முழுக்க அதே வெளிச்சத்தில் வெறுங்கண்ணோடும் பித்த வெடிப்புக் காலோடும் நிற்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், கூலியைப் பற்றியும் மழைக்கால வேலையின்மையைப் பற்றியும் பேசுவார்கள். காது கொடுங்கள்.

உங்களுக்கென்றே ஒரு பழைய கதையும் இந்த உப்பில் இருக்கிறது. நெப்போலியன் போர்கள் ஓயும் தறுவாயில், 1815 மார்ச் 7 அன்று லண்டனில் பிரான்சும் பிரிட்டனும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தியாவிலிருந்த பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பை வாங்கும் தனி உரிமை ஆங்கிலேயருக்குப் போனது. உப்பை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாகப் பிரெஞ்சு அரசுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். உப்பு வரியைத் தன் கையில் வைத்திருக்க, பக்கத்து வீட்டுக்காரன் உப்பு விளைப்பதையே விலை பேசி அடக்கினான் கிழக்கிந்தியக் கும்பினிக்காரன். கடலை எதிரே வைத்துக்கொண்டு உப்புக்குப் பிறர் கையை எதிர்பார்த்த ஊராகப் புதுச்சேரி ஆனது. இதை எந்தச் சுற்றுலாப் பேருந்திலும் சொல்ல மாட்டார்கள்.

மரக்காணத்தில் சோழர் காலக் கல்வெட்டுகளுள்ள பூமீசுவரர் கோயிலையும் பாருங்கள். உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே உப்பளத்திலிருந்து நேராக அங்கே. சங்கப் பாட்டான சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இதுதான் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. அதைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே இதே சாலையில்தான் வருகிறது, பஸ்ஸில் போகும்போது பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். மன்னன் நல்லியக்கோடனைப் பார்க்கப் போகும் பாணனுக்கு, எந்த ஊர் வழியாகப் போ, அந்த ஊரில் யார் இருப்பார்கள், என்ன தின்னக் கொடுப்பார்கள் என்று வழி சொல்லும் பாட்டு அது. கடற்கரை ஊரில் சுட்ட குழல்மீன் கிடைக்கும் என்று சாப்பாட்டையும் விடாமல் சொல்லியிருக்கிறார். வழியில் வரும் கிடங்கில், இன்றைய திண்டிவனம். மரக்காணத்தில் திண்டிவனம் பஸ் ஏறி, அங்கிருந்து மயிலம் வழியாகப் புதுச்சேரி வந்தால் அந்தப் பாணன் நடந்த நாட்டை ஒரு வட்டம் போட்டதாகும். மயிலம் முருகன் கோயிலை நடத்தும் பொம்மபுர ஆதீனத்துக்கும் எங்கள் ஊருக்கும் பழைய உறவு உண்டு, அதனால் அந்தப் பஸ் மீது எனக்குக் கொஞ்சம் பட்சபாதம்.

பறவை பார்க்க ஆசைப்பட்டுக் கழுவெளிக்கு ஜூலையில் போகாதீர்கள். 2021 டிசம்பரில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெரிய உவர்நீர் ஏரி அது. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த அளவு. ஆனால் வலசைப் பறவைகள் கார்த்திகை மார்கழியில் வருகின்றன. நீங்கள் வரும் மாதத்தில் வறண்ட தரையும் மாடுகளும்தான்.

இன்னொரு நாளை ஆலம்பரைக்கு வையுங்கள். கடப்பாக்கத்தில் இறங்கிக் கிழக்கே மூன்று கிலோமீட்டர் போல நடந்தால், அல்லது ஆட்டோ பிடித்தால், முகத்துவாரத்தின் கரையில் இடிந்த செங்கல் கோட்டை. ஆற்காட்டு நவாபுகள் காலத்துத் துறைமுகம். 1750-இல் தக்காணத்துச் சுபேதார் முசாபர் ஜங், புதுச்சேரி ஆளுநர் தியூப்ளேக்ஸின் உதவிக்குக் கைமாறாக இதைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தார். பத்தே ஆண்டில், 1760-இல், ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். தியூப்ளேக்ஸின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் ஆலம்பரை அடிக்கடி தலைகாட்டும். நாணயம் அடித்த இடம் என்றும் சொல்வார்கள். 2004 சுனாமியிலும் கொஞ்சம் போயிற்று. காரில் வருபவர்கள் மதிலேறிப் படம் எடுத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். பஸ்ஸில் வந்தவர்களுக்கு அவசரம் இல்லை. உப்பங்கழியில் வலை வீசுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம், படகுக்காரரிடம் பேசி எதிர்க்கரை மணல்மேட்டுக்குப் போய் வரலாம். நிழல் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. அரிக்கமேடு பக்கத்திலேயே, அரியாங்குப்பம் பஸ் போதும். ரோமானியரோடு வாணிகம் செய்த துறை. 1945-இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் வீலரும் அவருக்குப் பின் பிரெஞ்சுக்காரர் கசாலும் தோண்டினார்கள். இப்போது மாந்தோப்பும் ஒரு இடிந்த கட்டடமும் ஆறும் மட்டும்தான், கற்பனை இல்லாதவர்கள் போக வேண்டாம். கடலூர்த் தேவனாம்பட்டினம் அரை நாள் வேலை, அந்தப் பக்கம் பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. தரங்கம்பாடியை ஒரே நாளில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், போக வர பஸ்ஸிலேயே நாள் கரையும். 1620-இல் டேனிஷ்காரன் கட்டிய கோட்டைக்கு ஒரு ராத்திரி தங்குவது மரியாதை. மாமல்லபுரத்தில் வெளிநாட்டவருக்குச் சீட்டு 600 ரூபாய், இந்தியருக்கு 40. உங்களில் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தியர் கட்டணம்தான், அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

கடைசியாக எங்கள் ஊர்க் கரை. பொம்மையார்பாளையத்தில் இறங்கிக் கடலுக்கு நடந்து வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் அப்பா சின்ன வயதில் விளையாடியதாகச் சொல்லும் மணல்வெளியைத் தேடாதீர்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல் அடுக்கியதும் அந்த மணல் தெற்கிலேயே தடுத்து நின்றுவிட்டது, வடக்கே இருந்த கரை கரையத் தொடங்கியது. புதுச்சேரி தன்னைக் காக்கக் கல் கொட்டிக்கொண்டது. அரிப்பு கோட்டக்குப்பத்துக்கு ஏறியது. அங்கேயும் கல் கொட்டினார்கள். அது சின்ன முதலியார்சாவடிக்கு, எங்களுக்கு என்று ஒவ்வொரு குப்பமாக வடக்கே நகர்ந்தது. வீடும் படகு ஏற்றி வைக்கும் இடமும் வலை காயவைக்கும் இடமும் போயின. எங்களுக்கும் கடலுக்குள் கல் அடுக்கித் தூண்டில் வளைவு வேண்டும் என்று மீனவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். கேட்பது நியாயம்தான், போட்டால் அடுத்த ஊருக்கு என்ன ஆகும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் வரும் மாதங்களில் அலை வலுவாக இருக்கும், கற்களுக்குப் பக்கத்தில் நீரோட்டம் ஆளை இழுக்கும். தோவிலில் கொடி நட்டுக் காவலுக்கு ஆள் உட்கார்ந்திருப்பார். இங்கே மீன்காரப் பெரியவர் “தம்பி, இறங்காதே” என்பார். அவர் சொல்வதுதான் கொடி.

கரைக்கு வருகிறவர்கள் காலையிலேயே வாருங்கள். படகு வந்து ஏலம் நடக்கும்போது ஒதுங்கி நில்லுங்கள், முடிந்த பிறகு மீன் கேளுங்கள், பேரம் பேசினால் தப்பில்லை. மேற்கே கருத்தால் சாலைக்குத் திரும்பிவிடுங்கள். ஆடி ஆவணியில் சாயங்கால மழை சொல்லாமல் வரும், உப்பளத்தில் ஓலையும் தார்ப்பாயும் இழுக்கிற அவசரத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். சாலையைக் குறுக்கே கடக்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். பிரான்சில் பழகிய கண் முதலில் இடப்பக்கம் போகும், இங்கே வண்டி வலப்பக்கமிருந்து வரும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் நடத்துநர் முறைப்பார். இறங்கிய உடனே எதிர்ச்சாரியில் இருக்கும் டீக்கடையில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், இரண்டு கடையில் கேளுங்கள், இரண்டில் எது முந்தியதோ அதை நம்புங்கள்.

இப்படிக்கு,
பொம்மையார்பாளையத்திலிருந்து
உங்கள் பெரியம்மா ஒருத்தி